பட்டியலில் யார் இல்லை?

(தருவைகுளத்தில் நடைபெற்ற ஆசிரியர் கலந்துரையாடல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொள்ளைநோய்க் காலமும் மனித உறவும் என்ற தலைப்பில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். கொரோனாவைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதை நாம் எல்லோரும் வாழ்ந்தே பார்த்துவிட்டோம். அதைவிடப் பழைய ஒரு காய்ச்சலைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். போரிட்டுப் பிரிந்து நின்ற இரண்டு நிலப்பகுதிகளை அந்தக் காய்ச்சல் நெருங்க வைத்தது. ஆனால் அந்த நெருக்கத்தில் சிலருக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும் என்பது என் எண்ணம்.

பொதுவாக நோய் மனிதரைப் பிரிக்கத்தான் செய்யும். இந்தக் கரையில் இருக்கும் நமக்கு அது பழகிய செய்தி. முத்துக்குளிப்புக் காலங்களில் கரையோரம் கொட்டகை போட்டு ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். அங்கே காலரா தலைகாட்டினால் போதும், கூட்டம் கலைந்துவிடும். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, காலராவும் அம்மையும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அக்கரைக்கு அனுப்பினார்கள். அதே மண்டபம் பின்னாளில், போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்கு அகதிகள் முகாம் ஆனது. ஒரே இடம் தடுத்து நிறுத்தவும் பயன்பட்டது, அடைக்கலம் தரவும் பயன்பட்டது. அது எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள்தான்.

இனி அந்தப் பழைய காய்ச்சலுக்கு வருகிறேன். அது அமெரிக்காவில் நடந்தது. அமெரிக்காவுக்கும் தூத்துக்குடிக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். தொடர்பு பருத்திதான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் போரிட்டன. அடிமை முறை நீடிக்க வேண்டும் என்று நின்றது தெற்கு. வடக்கின் கடற்படை தெற்கின் துறைமுகங்களை அடைத்ததால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி போகவில்லை. அப்போது இந்தியப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. நம் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி, திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறியது. ஆகவே அந்தப் போரை நம் மாவட்ட வரலாற்றோடு சேர்த்தே வகுப்பில் சொல்லலாம்.

அந்தப் போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடிமை முறை ஒழிந்தது. போர் முடிந்தும் பகை முடியவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளைக் காக்க வடக்கின் படைகள் தெற்கில் தங்கியிருந்தன. 1877இல் அந்தப் பாதுகாப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு கோடையில் மஞ்சள் காய்ச்சல் வந்தது.

நம் நாட்டில் தாது வருடப் பஞ்சம் நடந்து முடிந்த சமயம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பசியாலும் காலராவாலும் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குப் பின்னால் இருந்த எல்நினோ என்னும் கடல் வெப்ப மாற்றமே அமெரிக்கத் தெற்கில் கொசு பெருகுவதற்கும் துணை செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

1878இல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் தொடங்கிய காய்ச்சல், மிசிசிப்பி ஆற்றில் போகும் நீராவிப் படகுகளோடு மேலேறி மெம்பிஸ் நகரை அடைந்தது. மெம்பிஸ் ஒரு பெரிய பருத்திச் சந்தை. ஆற்றங்கரையில் சிறிய உணவுக்கடை நடத்திவந்த ஒரு பெண்ணின் மரணம் ஆகஸ்ட் 13 அன்று அறிவிக்கப்பட்டது. இரண்டே வாரங்களில் சுமார் 25,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களை மற்ற ஊர்கள் உள்ளே விடவில்லை. ஊர் எல்லைகளில் துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். 2020இல் ஊருக்கு ஊர் வழியில் முள்ளை வெட்டிப் போட்டதைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மெம்பிஸில் மிஞ்சியவர்கள் சுமார் 20,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 17,000 பேருக்குக் காய்ச்சல் கண்டது. 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 20,000 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. தெருவில் தார் எரித்தார்கள், துணிகளைக் கொளுத்தினார்கள், சுண்ணாம்பு தூவினார்கள். கொசுதான் காரணம் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே சொன்னது 1881இல். வால்டர் ரீட் தலைமையிலான குழு அதை உறுதி செய்தது 1900இல். அது எந்தக் கொசு தெரியுமா? நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டியைச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து எட்டிப் பார்த்துத் தேடுகிறார்களே, டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் கொசு.

இந்த நேரத்தில்தான் வடக்கு கை கொடுத்தது. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, சிகாகோ போன்ற நகரங்களில் நிதி திரட்டினார்கள். 13 ஆண்டுகளுக்கு முன் தெற்கோடு போரிட்டுப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருந்த ஊர்கள் அவை. உணவு, துணி, மருந்து, பனிக்கட்டி, ஏன், சவப்பெட்டி கூட அனுப்பினார்கள். ஹோவர்ட் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பு ஏறத்தாழ 3,000 செவிலியரைத் திரட்டி மெம்பிஸில் வேலை செய்தது. வெளியூர்களிலிருந்து வந்த மருத்துவர்கள் பலர் அங்கேயே இறந்தார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைரம் பென்னர் என்பவர் கூட்டாட்சி அரசின் ராணுவ அதிகாரி. 1878 அக்டோபரில், நன்கொடைப் பொருள்களை ஏற்றிய நீராவிப் படகு ஒன்றைச் செயின்ட் லூயிஸிலிருந்து ஆற்றின் கீழ்ப்போக்கில் கொண்டுபோகத் தாமாக முன்வந்தார். கரையோர ஊர் ஒவ்வொன்றாக நின்று பொருள்களை இறக்கிக்கொண்டே போனார். விக்ஸ்பர்க் என்ற ஊரில் அவருக்கும் காய்ச்சல் கண்டது. அங்கேயே இறந்தார். 1863இல் இதே விக்ஸ்பர்க்கைத்தான் வடக்கின் படை ஒன்றரை மாதம் முற்றுகையிட்டது. குண்டுக்குப் பயந்து ஊர் மக்கள் மண்ணைக் குடைந்து குகைகளில் வாழ்ந்தார்கள். அந்த முற்றுகையை நடத்திய அரசின் சீருடையோடு, 15 ஆண்டுகள் கழித்து, ஒருவர் உணவும் மருந்தும் கொண்டுவந்து அதே ஊரில் உயிர்விட்டார். அந்த ஊர் மக்கள் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தெற்கின் தலைவர்களும் பத்திரிகைகளும் வடக்குக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார்கள். பழைய பகை தீர்ந்தது, நாடு மறுபடி ஒன்றாயிற்று என்று மேடைகளில் பேசினார்கள். அந்தப் பேச்சில் பொய் இல்லை. எதிரியின் பிள்ளைக்குப் பால் அனுப்பியவன் மறுபடி அவன்மேல் துப்பாக்கி தூக்க யோசிப்பான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் இது ஒரு நல்ல நீதிக்கதை. ஆனால் நாம் வரலாறு சொல்லித் தருகிறவர்கள். இன்னும் ஓர் அடி போக வேண்டும்.

மெம்பிஸில் மிஞ்சிய சுமார் 20,000 பேரில் 14,000 பேர் கறுப்பின மக்கள். வசதியுள்ள வெள்ளையர் பெரும்பாலும் போய்விட்டார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள், நிவாரணக் கிடங்குக்குக் காவல் நின்றவர்கள், பிணங்களைப் புதைத்தவர்கள் எல்லாரிலும் கறுப்பின மக்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு நகரின் காவல் பணியிலும் அவர்கள் சேர்ந்தார்கள். ஆனால் வடக்கும் தெற்கும் கைகுலுக்கியபோது அந்தக் கைகளுக்கு இடம் இல்லை. எட்வர்ட் ப்ளம் என்ற வரலாற்றாசிரியர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கொடையும் நன்றியும் வடக்கின் வெள்ளையரையும் தெற்கின் வெள்ளையரையும் சேர்த்தன, கறுப்பின மக்களின் உரிமை பற்றிய பேச்சோ பின்னுக்குப் போயிற்று என்பது அவர் கருத்து.

இதைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையின் வாழ்க்கை வழியாகச் சொல்லலாம். மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். அங்கே 1862இல் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா பி. வெல்ஸ். 1878இல் அவருக்கு வயது 16. அந்த மஞ்சள் காய்ச்சலில் தந்தை, தாய், கைக்குழந்தையான தம்பி மூவரும் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய தம்பி தங்கையரை ஆளுக்கு ஒருவராகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். ஐடா சம்மதிக்கவில்லை. தேர்வு எழுதி, கிராமப் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போய், அவர்களைத் தாமே வளர்த்தார்.

பின்னர் மெம்பிஸ் பகுதிக்கு வந்து ஆசிரியராக இருந்தார். ஒருநாள் ரயிலில் பெண்கள் பெட்டியில் பயணச்சீட்டோடு உட்கார்ந்திருந்தவரை, எழுந்து வேறு பெட்டிக்குப் போ என்றார் நடத்துநர். மறுத்ததால் இழுத்து வெளியேற்றினார்கள். வழக்குத் தொடுத்தார். 1884இல் 500 டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பாயிற்று. 1887இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளின் மோசமான நிலையைப் பத்திரிகையில் எழுதியதால் 1891இல் ஆசிரியர் வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கொடுமைக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் எழுதினார். 2020இல், அவர் இறந்து 89 ஆண்டுகள் கழித்து, புலிட்சர் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கதையை ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், எல்லாரும் சேந்துட்டாங்கன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு அவங்கள ரயில்ல இருந்து எறக்கிவிட்டாங்க?"

இதைவிட நல்ல கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை. நான் பதில் சொல்லவில்லை. "எல்லாரும்னு சொன்னோமே, அந்த எல்லாரும் யாரு யாரு? எழுதிட்டு வாங்க" என்றேன். மறுநாள் பாதி வகுப்பு எழுதி வந்தது. வடக்கு, தெற்கு என்று இரண்டு கட்டம் போட்டு, அதற்கு வெளியே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு ஐடாவின் பெயரை எழுதியிருந்தான் ஒரு பையன்.

சரி, எல்லாருடைய பெயரும் இருந்த பட்டியல் உலகில் உண்டா? உண்டு. இரண்டாவது செய்தி அதுதான். இது நம் கடலுக்கு அந்தப் பக்கம் வரை வருகிறது.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு சிறு நாடு. 1980 முதல் 1992 வரை அங்கே அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர். சண்டையில் சாவதைவிட அதிகமான குழந்தைகள் தடுக்கக்கூடிய நோய்களால் சாகிறார்கள் என்று எடுத்துச் சொன்னார், அப்போது யுனிசெஃப் அமைப்பின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிராண்ட். அதிபர் துவார்த்தே சம்மதித்தார். காட்டுக்குள் இருந்த கிளர்ச்சியாளர்களிடம் தேவாலயத்தினர் பேசினார்கள். 1985இல் மாதம் ஒரு நாளாக மூன்று நாள்கள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. சுமார் 2,50,000 குழந்தைகளுக்குப் போலியோ, தட்டம்மை முதலிய நோய்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அமைதி நாள்கள் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, போர் முடியும்வரை ஆண்டுதோறும் தொடர்ந்தது.

அந்த வழி இலங்கைக்கும் வந்தது. 1995இல் இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் இலங்கையிலும் தேசியத் தடுப்பு மருந்து நாள்கள் நடந்தன. வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நாள்களில் மட்டும் சண்டையை நிறுத்திவைக்க அரசும் விடுதலைப் புலிகளும் இணங்கினார்கள். ரோட்டரி சங்கத்தின் இலங்கைப் போலியோ குழுவுக்குத் தலைவராக இருந்த கே.ஆர். ரவீந்திரன், யுனிசெஃப் அமைப்போடு சேர்ந்து இதற்காகப் பேச்சு நடத்தினார். பின்னாளில் அவர் உலக ரோட்டரி அமைப்பின் தலைவராகவும் ஆனார்.

இரு தரப்பும் ஏன் இணங்கினார்கள் என்பதற்கு அறிவியல் பாடத்தில் விடை இருக்கிறது. போலியோ கிருமி ஒரு குழந்தையின் குடலில் பெருகி, அசுத்தமான தண்ணீர், கை வழியாக அடுத்த குழந்தைக்குப் போகிறது. அதற்குச் சோதனைச் சாவடி தெரியாது. ஒரு பக்கத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டால் மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆபத்து நீங்காது. ஆகவே 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் பட்டியலில் இருந்தாக வேண்டும். யார் ஆட்சி செய்யும் ஊர், என்ன மொழி என்ற கேள்விக்கே இடமில்லை.

இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். இந்தியாவில் கடைசி நோயாளிக்கு நோய் கண்டது 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார அமைப்பு தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு. நம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் முகாம் போட்டு, விரலில் மை வைத்து நாம் செய்த வேலைக்கும் அதில் பங்கு உண்டு.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. சொட்டு மருந்து கொடுத்து முடித்ததும் இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கியது. போர் 2009 வரை நீடித்தது. அது தந்த இழப்புகளை நாம் அறிவோம். 1878இல் வந்த உறவு நீடித்தது, ஆனால் பட்டியல் குறையுள்ளது. இலங்கையில் பட்டியல் முழுமையானது, ஆனால் உறவு அந்த நாள்களோடு முடிந்தது. நோய் ஒரு வாசலைத் திறந்துவிடும். யாரையெல்லாம் உள்ளே அழைப்பது, எத்தனை நாள் திறந்து வைப்பது என்பதெல்லாம் நம் பொறுப்பு.

நண்பர்களே, இது நம் வேலைக்கு எப்படிப் பொருந்தும்?

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் ஏடிஸ் கொசுவிலிருந்து தொடங்கலாம். பள்ளியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பிள்ளைகளைக் கொண்டே படம் வரையச் சொல்லலாம். நம் வளாகத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பக்கத்துத் தெருவை விட்டுவிட்டால் கொசு ஒழியுமா என்று கேட்டால் போதும், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள். உயர்நிலை வகுப்புகளில் உலக வரைபடத்தில் தூத்துக்குடியையும் மெம்பிஸையும் குறித்துப் பருத்தியின் பாதையைக் காட்டலாம். எந்த வரலாற்று நிகழ்வைச் சொன்னாலும், யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள் என்பதோடு, யார் பெயர் இதில் இல்லை என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி தானாக வரும். எல்லை தாண்டினார் என்று அப்பாவோ மாமாவோ பிடிபட்டு, அக்கரையிலிருந்து செய்தி வரக் காத்திருந்த வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். அக்கரையிலும் அப்படிப்பட்ட மீனவர் வீடுகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு நாம் போகிறோம். கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் சில பிள்ளைகள் தங்குகடல் படகுகளில் ஏறிவிட்டார்கள், சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். என் வகுப்பிலிருந்து அப்படிப் போன இரண்டு பேரில் ஒருவன் திரும்பி வந்தான். இன்னொருவனை நான்கு முறை தேடிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவன் கடலில் இருந்தான். 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் வந்த பிறகு சில வீடுகளின் கதவு திறந்தது. அந்த வீட்டின் கதவு திறக்கவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போகும்போது, பழைய பட்டியலில் உள்ள வீடுகளோடு திரும்பிவிடாதீர்கள். உப்பளக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளியின் பிள்ளை, தாப்பாத்தி போன்ற முகாம்களிலிருந்து குடும்பத்தோடு வேலை தேடி இடம் மாறிய பிள்ளை, படகுக்குப் போய்விட்டான் என்று நாம் கோடு கிழித்துவிட்ட பிள்ளை ஆகியோரின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் எழுதப்பட்ட பிள்ளையைத்தான் நாளைக்கு யாராவது தேடிப் போவார்கள்.